காட்டுத்தீயும் ஒரு வயர்லெஸ் சேனலும்

(இராஜபாளையத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மாசி, பங்குனி மாதங்களில் இரவு நேரம் மொட்டை மாடிக்குப் போகிற இராஜபாளையத்துக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் மேற்கு மலையில் ஒரு சிவப்புக் கோடு நெளிவதைப் பலமுறை பார்த்திருப்பார்கள். கீழிருந்து பார்த்தால் அது அசையாமல் நிற்பது போலத்தான் தெரியும். அதே நேரத்தில் அந்தக் கோட்டை நோக்கிப் பத்துப் பதினைந்து பேர் ஏறிக்கொண்டிருப்பார்கள். வனக்காப்பாளர், வனவர், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தீத்தடுப்புக் காவலர்கள். கையில் அரிவாள், தண்ணீர் கேன், டார்ச். தீயை அடித்து அணைக்கப் பச்சைத் தழையை வழியிலேயே ஒடித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் ஒருவருடைய தோளில் வயர்லெஸ் செட் தொங்கும். அவர்கள் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தப் பக்கம் போகவே கூடாது என்பதைக் கீழே இருந்தோ எதிர் மலையில் இருந்தோ சொல்ல அது ஒன்றுதான் வழி. இன்றைய பேச்சு அந்தச் செட்டையும் அதன் அலைவரிசையையும் பற்றியது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் 485 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2021 பிப்ரவரியில் இதையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இந்தியாவில் 51ஆவது, தமிழ்நாட்டில் 5ஆவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். விருதுநகர், மதுரை, தேனி என்று மூன்று மாவட்டங்களில் கால் வைத்து நிற்கும் காடு இது. தெற்கே தென்காசி மாவட்டத்துச் சிவகிரி மலை தொடர்கிறது. மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். தீ இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. ஆனால் வயர்லெஸ் சேனல்கள் எல்லைகளைப் பார்த்தே பிரிக்கப்பட்டிருக்கின்றன. இன்று சொல்ல வருவதன் மையம் இதுதான்.

நம் பக்கத்து மலை மழை மறைவுப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் ஆளுயரப் புல் வளரும். தை பிறந்ததும் அது காய ஆரம்பிக்கும். மாசியில் இலையுதிர் காட்டின் சருகும் சேர்ந்துகொள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, நமக்கு வறண்ட காற்றாக வந்து சேருகிறது. அதனால் கேரளத்தில் மழை அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில்கூட இங்கே தீ பிடிக்க வாய்ப்பு உண்டு. இயற்கையாகப் பிடிக்கும் தீ மிகவும் அரிது. அணையாத பீடி, சமைத்துவிட்டுப் போன அடுப்பு, தேன் எடுக்க மூட்டிய புகை, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்பு என ஏறக்குறைய எல்லாமே மனிதன் வைப்பதுதான்.

தீ பிடித்ததைக் கண்டுபிடிப்பதில் நாடு நன்றாகவே முன்னேறியிருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தீ எச்சரிக்கை அனுப்பி வருகிறது. முதலில் 1 கிலோமீட்டர் கட்டத்துக்குள் 'எங்கேயோ தீ' என்று சொன்ன செயற்கைக்கோள், இப்போது 375 மீட்டர் கட்டம் வரை நெருங்கிச் சொல்கிறது. எச்சரிக்கை வனத்துறையினரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாகவே வந்துவிடுகிறது. வரவேற்க வேண்டிய வசதி. ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளைக்குச் சில முறைதான் தலைக்கு மேல் வருகிறது. இடைப்பட்ட நேரத்தில் காற்று திசை மாறினால் அதைப் பார்க்கப்போவது மலையில் நிற்கும் மனிதனின் கண். அந்தக் கண் பார்த்ததை இன்னொருவர் காதில் போட செல்போன் உதவுமா?

மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரை போனவர்களுக்கு அதற்குப் பதில் தெரியும். அய்யனார் கோவில் ஆற்றைத் தாண்டி மேலே ஏறினாலோ, தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிப் பாதையில் முதல் சில திருப்பங்களைக் கடந்தாலோ சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்துவிடும். செல்போன் கோபுரங்கள் ஆட்கள் வாழும் ஊரைப் பார்த்து வைக்கப்பட்டவை. காட்டுக்குள் கிடைப்பது வழிந்து வந்த மிச்சம். அதோடு செல்போன் ஒருவரை ஒருவரோடு பேச வைக்கும் கருவி. தீயின் முன்னால் நிற்கும் பதினைந்து பேருக்கு 'எல்லாரும் கீழே இறங்குங்க' என்று ஒரே நொடியில் சொல்ல வேண்டுமானால் பதினைந்து எண்களை அழுத்திக்கொண்டிருக்க முடியாது. வயர்லெஸில் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும், சேனலில் இருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள்.

உலகத்தின் பல பகுதிகளில் காட்டுத்தீப் படையினர் கையில் இருக்கும் செட்கள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஎச்எஃப் பட்டையில் இயங்குபவை. காரணம் இருக்கிறது. 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டர். 450 மெகாஹெர்ட்ஸ் யுஎச்எஃப் அலையின் நீளம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை இலைதழைகளில் குறைவாகவே மடிகிறது. மலை முகட்டில் பட்டதும் கொஞ்சம் வளைந்து மறுபக்கமும் இறங்குகிறது. நகரத்தில் கட்டடங்களுக்குள் புகுந்து வர யுஎச்எஃப் நல்லது. அடர்ந்த காட்டிலும் மலை மடிப்பிலும் விஎச்எஃப்தான் கை கொடுக்கும். இன்னும் நீண்ட அலைகளும் உண்டு. வானத்தில் பட்டுத் திரும்பி மலையையே தாண்டி இறங்கும் எச்எஃப் அலைகள் அவை. ஆனால் அவற்றுக்குப் பல மீட்டர் நீளமான கம்பியைக் கட்ட வேண்டும். தீயைத் துரத்தி நடப்பவர்களுக்கு அது ஒத்து வராது.

விஎச்எஃப் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைதான் போகும். அதைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: ஆன்டெனாவின் உயரம் எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். தரையில் நிற்பவர் கையில் செட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூரம் சுமார் 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் 5. ஆக, வெட்டவெளியில் இருவருக்கு இடையே 10 கிலோமீட்டர். இதுவும் கணக்குக்குத்தான், நடைமுறையில் இன்னும் குறையும். அதே செட்டை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தின் உச்சியில் வைத்ததாகக் கற்பனை செய்தால், 192 அடிக்கு, அதாவது சுமார் 58 மீட்டருக்கு, 31 கிலோமீட்டர் கிடைக்கிறது. சமவெளியிலிருந்து 1000 மீட்டர் உயர்ந்த முகட்டில் வைத்தால் 130 கிலோமீட்டர். வாட்டைக் கூட்டி இதைச் சாதிக்க முடியாது. கையில் பிடிக்கும் செட் 5 வாட். வண்டியில் இருப்பது 25 வாட். நடுவே ஒரு மலை நின்றால் இரண்டும் ஒன்றுதான்.

அதனால்தான் ரிப்பீட்டர். உயரத்தில் நின்று ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் வலுவாகத் திருப்பிச் சொல்லும் நிலையம் அது. பொதுவாக, இருப்பதிலேயே உயரமான முகட்டைத் தேடி அங்கே அதை வைக்க நினைப்பார்கள். நம் மலையின் அமைப்பில் அது பாதிதான் சரி. முகட்டின் உச்சியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் பளிச்சென்று தெரியும். ஆனால் அதே மலையின் அடிவயிறு, வெளியே தள்ளி நிற்கும் சரிவால் மறைந்துவிடும். கிழக்கு முகத்தை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் சமவெளியில் தனியாக நிற்கும் ஒரு குன்று மேல். இராஜபாளையத்துக்குச் சஞ்சீவி மலை அப்படி ஒன்று. முதல் முகட்டுக்குப் பின்னால், வருசநாட்டுப் பக்கம் இறங்கும் பள்ளத்தாக்குகளுக்கு முகட்டு ரிப்பீட்டர் வேண்டும். கிழக்கே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டும் ஒன்றோடொன்று பேசும்படி இருந்தால்தான் மலையின் இரு பக்கமும் காதுக்கு எட்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரிப்பீட்டர் இருக்கிறது என்று எல்லாப் பேச்சையும் அதிலேயே ஓட்டுவது ஆபத்து. ஒரு தீயணைப்பு இரவில் சேனலில் கேட்பது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"கண்ட்ரோல், கண்ட்ரோல்... வாட்ச்சர் பார்ட்டி பேசுறேன். மேல மொட்டைப் பாறைகிட்ட லைன் எடுத்துட்டோம். ஓவர்."

"சாப்பாடு எந்தப் பாதையில ஏத்தணும்? ஓவர்."

"சார், காத்து மாறுது, தெக்கால..."

மூன்றாவது குரல்தான் உயிர் காக்கும் குரல். ஆனால் அதே நொடியில் வேறொருவர் சாப்பாட்டைப் பற்றி மறுபடி கேட்கப் பொத்தானை அழுத்திவிட்டால், இந்தச் செட்கள் பேசும் எஃப்எம் முறையில் இரண்டு குரலும் கலந்து கேட்காது. வலுவான அலை மட்டும் கேட்கும். மற்றது இருந்த சுவடே தெரியாது. பேசியவருக்கும் தன் குரல் போய்ச் சேரவில்லை என்பது தெரியாது. தீக்கு அருகில் இருப்பவர் பள்ளத்தில் நிற்பார், அவர் அலை நலிந்திருக்கும். பாதுகாப்பான மேட்டில் நிற்பவர் அலைதான் ஜெயிக்கும்.

அமெரிக்காவில் இதற்காகவே சேனல்களைப் பிரித்து வைக்கிறார்கள். உத்தரவுக்கும் தகவலுக்கும் ரிப்பீட்டர் வழியாக ஒன்று. தீயின் ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கும் குழுவுக்குள் பேச, ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசும் சேனல். விமானத்தோடு பேசத் தனியாக ஒன்று. இவை தவிர, நாடு முழுவதும் 168.625 மெகாஹெர்ட்ஸ் ஏர் கார்டு எனப்படும் அவசர அலைவரிசையாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. எந்தத் தீயில், எந்த மாநிலத்துக் குழுவானாலும், விமானத்தை அவசரமாகக் கூப்பிட அந்த ஒன்று போதும். ஒவ்வொரு தீக்கும் எந்தச் சேனல் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி, வேலைக்குப் போகுமுன் எல்லார் கையிலும் கொடுத்துவிடுவார்கள். ஐடாஹோ மாநிலத்துப் பாய்சி நகரில் இருக்கும் தேசியக் காட்டுத்தீ மையம், பெரிய தீ எங்கே வந்தாலும் அங்கே அனுப்பப் பல்லாயிரம் வயர்லெஸ் செட்களைத் தயாராக வைத்திருக்கிறது.

இந்த ஒழுங்கு அவர்களுக்கும் சும்மா வரவில்லை. 1949 ஆகஸ்ட் 5 அன்று மொன்டானா மாநிலத்தின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் பாராசூட்டில் குதித்த தீயணைப்பு வீரர்களோடு ஒரு ரேடியோவும் தனிப் பாராசூட்டில் போடப்பட்டது. அந்தப் பாராசூட் விரியவில்லை. ரேடியோ நொறுங்கியது. வெளியுலகத்தோடு பேச வழியில்லாமல் அவர்கள் தீயை நோக்கி நடந்தார்கள். 13 பேர் இறந்தார்கள். அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 ஜூன் 30 அன்று, அரிசோனாவின் யார்னெல் மலையில் 19 வீரர்கள் இறந்தபோது ரேடியோ இருந்தது. ஆனால் கடைசிக் கட்டத்தில் அரை மணிக்கும் மேலாக அவர்கள் எங்கே நகர்கிறார்கள் என்பதற்குத் தெளிவான பேச்சுப் பதிவு இல்லை. அன்று சில செட்களில் உரிய டோன் பதியப்படாமல் இருந்ததையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. டோன் என்பது குரலோடு சேர்ந்து போகும், காதுக்குக் கேட்காத மெல்லிய ஒலி. அந்த ஒலி பொருந்தினால்தான் ரிப்பீட்டர் திறக்கும். அலைவரிசை சரியாக இருந்து டோன் தவறினால், பேசுபவர் பேசிக்கொண்டே இருப்பார், யாருக்கும் கேட்காது. செட்டை மேசையில் வைத்து முன்கூட்டியே சோதித்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும் குறை இது.

நமக்கு நெருக்கமான துயரம் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் நடந்தது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல்வெளியில் தீயால் சூழப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அன்று மாலை முதல் மறுநாள் வரை அந்த மலையில் ஊர் மக்கள், வனத்துறை, காவல்துறை, தீயணைப்புத் துறை, கமாண்டோக்கள், விமானப்படை ஹெலிகாப்டர்கள் என்று எத்தனையோ பேர் இறங்கினார்கள். அதன் பிறகு அரசு விசாரணை நடத்தியது, மலையேற்றத்துக்குத் தனி விதிகளும் 2018இலேயே வந்தன. யார், எப்போது, எந்தப் பாதையில் ஏறலாம் என்பது ஒழுங்காயிற்று. நல்லது. அத்தனை துறைகளும் ஒரு மலையில் கூடும்போது எந்த அலைவரிசையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதும் அதே அளவு அக்கறையோடு முடிவு செய்யப்பட வேண்டியது.

ஏனென்றால் காவல்துறைக்கு ஓர் அலைவரிசை, தீயணைப்புத் துறைக்கு ஒன்று, வனத்துறைக்கு ஒன்று. தில்லியில் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கும் அலைவரிசைப் பிரிவு ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகவே ஒதுக்குகிறது. சாதாரண நாளில் அதுதான் முறை, ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு இடைஞ்சலாகக் கூடாது. மலை எரியும் நாளில், தீயணைப்பு வண்டியில் இருப்பவரும் மேலே நிற்கும் வனவரும் ஒருவரை ஒருவர் கேட்க முடியாமல் போவதற்கும் அதுவே காரணமாகிறது. ஹெலிகாப்டர் வந்தால் சிக்கல் இன்னும் கூடும். விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் ஏஎம் முறையில். வனக்காவலர் செட் எஃப்எம். தலைக்கு மேல் நூறு மீட்டரில் பறந்தாலும் இருவரும் பேசிக்கொள்ள முடியாது. விமானி தரையில் இருப்பவர் அலைவரிசையில் ஒரு செட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதை முதல்நாளே யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு இடைஞ்சல் சமீப ஆண்டுகளில் வந்தது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பேசும் செட்களுக்கு 2018 முதல் உரிமம் தேவையில்லை. நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது அவை போதும். ஆனால் இணையத்தில் மலிவாக விற்கும் பல செட்கள் 136 முதல் 174 வரை எங்கு வேண்டுமானாலும் 5 வாட்டில் பேசக்கூடியவை. உரிமம் இல்லாமல் அந்தப் பட்டையில் பேசுவது குற்றம். சட்டத்தை விடுங்கள். திருவிழாவிலோ தோட்டத்திலோ விளையாட்டாக ஒருவர் அழுத்தும் பொத்தான், மலையில் 'காத்து மாறுது' என்று சொன்னவரின் குரலை விழுங்கிவிடலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஆசை உள்ளவர்களுக்கு நேர்வழி இருக்கிறது: தேர்வு எழுதி அமெச்சூர் உரிமம் வாங்கலாம். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அவர்களுக்கு உரியது. 2004 சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, வேறு காரணத்துக்காக அங்கே போயிருந்த அமெச்சூர் வானொலிக்காரர்கள்தான் செய்தியை வெளியே கொண்டுவந்தார்கள்.

கையில் செட் இருந்தாலும் அதைப் பிடிக்கும் விதத்தில் பாதி வேலை இருக்கிறது. ஆன்டெனா செங்குத்தாக நிற்க வேண்டும். இடுப்பில் மாட்டியபடி பேசினால் உடம்பே அலையைக் குடித்துவிடும். பொத்தானை அழுத்தியதும் பேசக்கூடாது. ஒரு நொடி விட்டுப் பேச வேண்டும், ரிப்பீட்டர் திறக்க அந்த நேரம் தேவை. இல்லாவிட்டால் 'ஏறாதீங்க' என்பதில் முதல் பாதி போய்ப் பொருளே புரியாமல் போய்விடும். கேட்கவில்லை என்றால் அதே இடத்தில் நின்று கத்துவதைவிட இரண்டடி நகர்ந்து பார்க்கலாம், பாறையில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடங்கள் அடிக்கொன்றாக மாறும். செட்டோடு வரும் ரப்பர் ஆன்டெனா ஒரு சாண்தான். இந்த அலைக்குச் சரியான கால் அலை அளவு அரை மீட்டர். ஒன்றரை மீட்டர் கம்பியில் செய்து சுருட்டி வைத்த ஆன்டெனாவை முகாமில் மரக்கிளையில் தொங்கவிட்டால், முன்பு கேட்காத நிலையங்கள் கேட்க ஆரம்பிக்கும். செலவு சில நூறு ரூபாய். தீ தொடர்ந்து எரியும் நாட்களில் கூடுதல் பேட்டரியும் அதைச் சார்ஜ் செய்யச் சோலார் தகடும் இல்லாவிட்டால் மூன்றாம் நாள் செட் வெறும் எடை. பெரும் தீயின் நாக்குகளுக்குள் அலை நலிவடைகிறதா என்றும் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். செடிகளில் உள்ள பொட்டாசியம் கடும் வெப்பத்தில் அயனியாகி அலையை ஓரளவு தடுக்கிறது. நம் புல் தீயில் அது பெரிதாகப் பாதிக்காது. நமக்கு எதிரி மலையின் மடிப்புதான்.

அந்த மடிப்பை நன்கு அறிந்தவர்கள் செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் அடிவாரத்திலும் வாழும் பளியர் பழங்குடியினர். அவர்களில் பலர் காவலர்களாக இந்தக் காட்டில் வேலை செய்கிறார்கள். எந்தப் பாறையில் ஏறி நின்றால் செட் எடுக்கும், எந்த ஓடையில் இறங்கினால் செத்துவிடும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அது இன்னும் ஒரு வரைபடத்தில் ஏற வேண்டும்.

அதற்கு வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. இராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் மின்னணுத் தொடர்பியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வனத்துறையின் அனுமதியோடும் ஒரு பளியர் காவலரின் துணையோடும் ஒவ்வொரு பீட்டிலும், அதாவது காவல் பகுதியிலும், நடந்து, எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று குறித்து வந்தால், ரிப்பீட்டர் நிற்க வேண்டிய இடம் தானாகத் தெரியும். மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள்: விருதுநகர், மதுரை, தேனி, தென்காசி நான்கு மாவட்டங்களின் வனத்துறை, தீயணைப்புத் துறை, காவல்துறை அதிகாரிகளும், முடிந்தால் பெரியாறு காப்பகத்துக்காரர்களும் ஒரு நாள் கூடி உட்காருங்கள். தீக்காலத்துக்கு எல்லாரும் கேட்கக்கூடிய ஒரு பொது அவசரச் சேனலுக்கு முறைப்படி விண்ணப்பியுங்கள். ரிப்பீட்டர் இல்லாமல் பேச இரண்டு நேர்ச் சேனல்களை ஒவ்வொரு செட்டிலும் பதியுங்கள், டோன் சரியா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். இந்த வேலைகள் தை மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். மாசியில் புல் காய்ந்துவிடும்.